பதினோராம் கட்டை டிஸ்பென்சரி பற்றிய கேள்வி

மாநில சபை உறுப்பினர்களின் கேள்விகள் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே கோலாலம்பூரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். தட்டச்சுத் தாளில், வரிசை எண் போட்டு வரும். உரிய இடத்தில் விவரம் கேட்டு, பதிலை எழுதி, எங்கள் வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்துக்கு வைப்பது தலைமைக் கிளார்க்காகிய என் வேலை. இருபத்தாறு வருடம் அந்த வேலையைச் செய்தேன். நான் எழுதிய பதில் ஒன்றையாவது பொய் என்று யாரும் சபையில் எழுந்து காட்டியதில்லை.

அந்த வருடம் பிப்ரவரிக் கூட்டத்துக்கு வந்த தாளில் ஒன்பதாவது கேள்வி இது:

"கிள்ளானுக்கு வடக்கே பதினோராம் கட்டையில் உள்ள அரசாங்க டிஸ்பென்சரியில் ஜனவரி முதல் வாரம் டிரசர் இல்லாமல் இருந்தது உண்மையா? அங்கே மருந்துக்கு வந்த ரோட்டுத் தொழிலாளி கன்னையாவின் மனைவி மாரியாயி, பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், இரத்தப்போக்கால் இறந்தது அரசாங்கத்துக்குத் தெரியுமா? அதற்குப் பொறுப்பு யார்?"

கேட்டவர் சபாபதி. கிள்ளானில் வக்கீல். மாநில சபையில் இந்தியர்களுக்காகப் பேச நியமிக்கப்பட்டவர்.

துரை தாளை என் பக்கம் தள்ளினார். "அந்த டிரசர் உன் தம்பி அல்லவா, வீரசிங்கம்? அப்படியானால் விவரம் உனக்குத்தான் நன்றாகத் தெரியும். நீயே எழுதிவிடு" என்றார். அதில் கிண்டல் ஏதும் இல்லை. என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

விவரம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

எங்கள் அம்மா டிசம்பர் ஐந்தாம் தேதி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் காலமானார். எங்கள் யாழ்ப்பாண வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைக்க வேண்டும். ஆகவே கொள்ளியிலிருந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை எல்லாக் கிரியையும் தம்பி சிவகுருநாதன் கையால் நடக்க வேண்டியது. அவன் பதினோராம் கட்டையில், அதாவது பதினோராவது மைல்கல்லில், டிரசர்: மருந்து கொடுத்துக் காயத்துக்குக் கட்டுப்போடுபவன். சுற்றிலும் ரப்பர்த் தோட்டம், ரோட்டு வேலைக்காரர்களின் லயன் வீடுகள், ஒரு சீனன் கடை. டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் தம்பியும் அய்யாவு என்ற உதவியாளும்தான். எட்டு வருடமாக அந்த இருவரும் அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்தார்கள்.

கொள்ளிக்கு மூன்று நாள் லீவு உடனே கிடைத்தது. அந்தியேட்டிக்கு அவன் டிசம்பர் கடைசியில் இன்னொரு விண்ணப்பம் போட்டான். அதற்குள் புது வருடம் பிறந்தது. அதுவரை நான்கு மாநிலங்களுக்கும் பொதுவான பெடரல் அரசாங்கத்தின் கையில் இருந்த ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளும் ஜனவரி முதல் தேதியன்று மாநிலத்தின் கைக்கு மாறின. பலகைகளில் பெயர் மாற்றிய பெயிண்ட்கூட இன்னும் காயவில்லை. தம்பியின் விண்ணப்பம் பெடரல் அலுவலகத்திலிருந்து 'இனி இது மாநிலத்தின் பொறுப்பு' என்ற குறிப்போடு திரும்பியது. எங்கள் கட்டடத்தின் மாடியில் இருந்த மாநில மருத்துவ இலாகாக்காரர்கள் 'டிசம்பரில் தேதியிட்டது, அங்கேயே முடிக்க வேண்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு ரோடுதான் இருந்தது. அந்தக் காகிதம் அதை மூன்று முறை கடந்தது. லீவு அனுமதி இல்லாமல் பதில் டிரசரை அனுப்ப விதியில் இடமில்லை.

தம்பி வரவில்லை என்றால் அந்தியேட்டி எப்படி நடக்கும்? நூற்றிருபது பேருக்குச் சொல்லியிருந்தோம். என் மகள் கனகேஸ்வரிக்குக் கிள்ளானில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். அவர்களும் வருவதாக இருந்தார்கள். நான் தந்தி அடித்தேன்: "வியாழன் அந்தியேட்டி. லீவை நான் பார்த்துக்கொள்வேன். புறப்பட்டு வா."

அவன் வந்தான். நான் சொல்லி அவன் தட்டியதில்லை.

வியாழன் காலை போர்ட் சுவெட்டன்ஹாமில் கடலில் சாம்பலைக் கரைத்தோம். தம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று குருக்கள் சொன்னதைச் சொன்னான். பிற்பகல் ரயிலில் எல்லோரும் கோலாலம்பூருக்குத் திரும்பினோம். வண்டி கிள்ளானில் நின்றதும் அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்கை போறாய்?"

"இஞ்சை இறங்கினால் பின்னேர பஸ்ஸைப் பிடிக்கலாம் அண்ணை. வெள்ளி காலமை கதவு திறப்பன் எண்டு அய்யாவுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான். கிரியை முடிஞ்சுதுதானே."

"நாளைக்கு வீட்டுக்கிருத்தியம். பந்தி இருக்கு. கிரியை செய்த பிள்ளை பந்தியிலை இல்லையெண்டால் சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கிற சனம் கதைக்கட்டும். அங்கை சனம் இருமிக்கொண்டு வாசலிலை நிக்கும்."

"ஒரு நாள் இருமட்டும்" என்றேன்.

பெட்டியில் இருந்த உறவினர் சிரித்தார்கள். தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வண்டி புறப்பட்டது. நான் சொன்னது அதுதான். அதை நான் யாரிடமும் மறுக்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். காலை ஏழு மணிக்குக் கன்னையா மனைவியை ஒரு கைவண்டியில் படுக்கவைத்து டிஸ்பென்சரிக்குத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். வழியெல்லாம் இரத்தம். எட்டரைக்குக் கிள்ளானுக்குப் போகும் பஸ் வந்தது. ஏற்றிவிடலாமா என்று கன்னையா கேட்டான். நேற்று வராத டிரசரய்யா பத்து மணி பஸ்ஸில் வந்துவிடுவார், குலுக்கலில் கொண்டுபோனால் இன்னும் மோசமாகும் என்று அய்யாவு தடுத்துவிட்டான். தம்பி வாக்குத் தவறியதை அவன் எட்டு வருடத்தில் கண்டதில்லை. பத்து மணி பஸ்ஸில் தம்பி வரவில்லை. பத்தரைக்கு அய்யாவு மருந்து அலமாரியின் பூட்டை ஒரு கல்லால் உடைத்தான். இப்படிப்பட்ட நேரத்தில் டிரசர் எந்தப் போத்தலை எடுப்பார் என்று அவனுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தான். இரண்டு மணிக்குத் தோட்டத்து லோரி ஒன்று கிடைத்தது. கிள்ளான் போகும் வழியில் மேரு என்ற ஊரைத் தாண்டும்போது மாரியாயி இறந்தாள்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் மூன்றாம் பந்தி. பாயசம் நன்றாக வந்திருந்தது. கிள்ளான் சம்பந்தியார் தம்பியின் தோளில் கைவைத்து, தாய்க்கு இப்படிச் செய்ய ஒரு மகன் கிடைக்க வேண்டும் என்றார்.

கேள்வி வந்த அன்றே இரண்டு அறிக்கைகளை வரவழைத்தேன். தம்பியின் அறிக்கையில் இரண்டே வரி: "நான் இடத்தில் இல்லை. அய்யாவு செய்தது, நான் இருந்திருந்தால் செய்திருக்கக்கூடியது." சபையில் வைக்கக்கூடிய அறிக்கை அல்ல அது. தனியாக எடுத்து வைத்தேன். அய்யாவு கிள்ளான் அலுவலகத்தில் கொடுத்த வாக்குமூலத்தின் கீழே பெருவிரல் பதித்திருந்தான். பூட்டை உடைத்தேன், மருந்தை எடுத்தேன், கொடுத்தேன். டிரசர் வருவார் என்று காத்திருந்தேன் என்பதையும் அதில் சொல்லியிருந்தான்.

பதிலை நான்கு முறை எழுதினேன். கடைசியில் துரை கையெழுத்திட்டது இது: "டிரசர் தாயாரின் ஈமக்கிரியையின் பொருட்டு இடத்தில் இல்லை. இலாகா கைமாறிய வாரமாதலால் பதில் ஆள் அனுப்ப இயலவில்லை. உதவியாள் அய்யாவு என்பவர் அதிகாரம் இல்லாமல் மருந்து அலமாரியை உடைத்து, இறந்த பெண்ணுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அரசாங்கம் வருந்துகிறது."

வரிக்கு வரி பார்த்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

கூட்டத்தன்று, துரைக்குத் தேவைப்பட்டால் எடுத்துக் கொடுக்கப் பைல்களோடு பின்பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பார்வையாளர்களுக்கும் அந்த வாங்குகள்தான். சபை கூடுவதற்குச் சற்று முன்பு இருவர் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவனுக்கு முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. மற்றவன் ஐம்பதைத் தாண்டியவன். அவன் என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான்.

"டிரசரய்யாவோட அண்ணன்தானுங்களே? நான் அய்யாவுங்க. ஒரு தடவை மாம்பழம் கொண்டுகிட்டு உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்" என்றான். பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பினான். "கன்னையா, பயப்படாத. நம்ம டிரசரய்யா அண்ணன் இந்த ஆபீசுல பெரிய கிராணி. அவரு இருக்காரு."

இருவருக்கும் சபாபதி சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஒன்பதாவது கேள்வி வந்தது. சபாபதி எழுந்து கேட்டார். அரசாங்கத் தரப்பில் பதில் படிக்கப்பட்டது. எல்லாம் ஆங்கிலத்தில். கன்னையா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, என்னங்க சொல்றாங்க?" என்று மெல்லக் கேட்டான்.

"உன் மனைவி இறந்ததற்கு அரசாங்கம் வருந்துகிறது என்கிறார்கள்."

"மாரியாயின்னு பேரு சொன்னாங்களா?"

"கேள்வியில் சொன்னார்கள்."

அவன் தலையை ஆட்டினான். அது அவனுக்குப் போதுமாக இருந்தது போல் தெரிந்தது. அய்யாவு என் பக்கம் குனிந்தான்.

"நான் பூட்டை உடைச்சத சொன்னாங்களாங்க?"

"சொன்னார்கள்."

"அது உண்மைதானுங்க. உடைச்சேன். ஏன் உடைச்சேன்னு சொன்னாங்களா?"

"அது கேள்வியில் இல்லை" என்றேன்.

சபாபதி உட்காரவில்லை. துணைக்கேள்வி கேட்க அனுமதி கேட்டார். "டிரசருக்கு லீவு கொடுத்தது பெடரல் அரசாங்கமா, மாநில அரசாங்கமா? எந்தத் தேதியில்?" பதில் சொல்ல வேண்டிய துரை பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பைலைத் திறக்கவில்லை. திறந்தாலும் அதில் இருக்காது. அதற்கு முன்னறிவிப்பு வேண்டும், அடுத்த கூட்டத்தில் பதில் தரப்படும் என்று அவர் சொல்லிவிட்டார்.

"நல்லது," என்றார் சபாபதி. "அதுவரைக்கும் ஒரு சின்ன விளக்கம் கிடைத்தால் போதும். ஜனவரி முதல் வாரத்தில் சாக இருந்தவர்கள் எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்?"

இரண்டு பக்கத்து வாங்குகளிலும் சிரிப்பு எழுந்தது.

"ஏங்கய்யா சிரிக்கிறாங்க?" என்று கன்னையா கேட்டான்.

"வேறு விஷயம்" என்றேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னேன். முன்னறையில் கதவைச் சாத்தினேன். மேசையில் ஒரு லீவுப் பாரம் இருந்தது. எல்லா இடங்களையும் என் கையாலேயே நிரப்பியிருந்தேன். தேதி ஜனவரி இரண்டு. விண்ணப்பதாரர் கையெழுத்து மட்டும் பாக்கி. மாடியில் இருந்தவர்கள் அனுமதி எழுதத் தயாராக இருந்தார்கள். பெடரல் அலுவலகத்துக்கும் ஆட்சேபம் இல்லை. அப்படி ஒரு காகிதம் இருந்தால் ரோட்டின் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

தம்பி அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தான்.

"அண்ணை, அம்மாவின்ரை அந்தியேட்டியையும் பைலிலை வைச்சு நூல் கட்டிப்போட்டியள்."

"பகிடி விடாதை. கையெழுத்தைப் போடு."

"போடாட்டி?"

"போடாட்டி நீ லீவு இல்லாமல் கதவைப் பூட்டிப்போட்டு வந்தவன். வேலை போகும். சபை அறிக்கையிலை உன்ரை பேர் அச்சாகி வரும். வாசகசாலையிலை வைச்சுச் சனம் வாசிக்கும். ஊருக்கும் போகும். கிள்ளான்காரர் அடுத்த நாளே ஆள் அனுப்பிக் கலியாணத்தை நிப்பாட்டுவினம். எங்கடை குடும்பத்திலை ஒருத்தன் அரசாங்க வேலையிலை இருந்து கழுத்திலை பிடிச்சுத் தள்ளப்பட்டான் எண்டு இருக்கிறதோ?"

"நான் தந்தியைக் காட்டினால்?"

நான் பேனாவின் மூடியைக் கழற்றி அவன் பக்கம் வைத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டான். அவன் காட்டமாட்டான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அய்யாவு குடுத்தது சரியான மருந்து" என்றான். "அளவும் சரி. போத்தலைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினவன். நான் நிண்டிருந்தால் ஏழு மணிக்குக் குடுத்திருப்பன். அவன் பத்தரைக்குக் குடுத்தான். மூண்டரை மணித்தியாலம் ரோட்டைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறான் அண்ணை. என்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறான். நீங்கள் அவனைக் கொலைகாரன் ஆக்கிப்போட்டியள்."

"அப்பிடி ஒரு சொல்லும் அந்தப் பதிலிலை இல்லை."

"இல்லை. வாசிச்சனான். அவ்வளவு வடிவா எழுத உங்களாலைதான் ஏலும்."

கதவைத் தட்டிக் கனகேஸ்வரி தேநீர் கொண்டுவந்தாள். சித்தப்பா மெலிந்துபோனார் என்றாள். கூறைச்சேலைக்கு என்ன நிறம் நல்லது என்று அவனைத்தான் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. அவளை ஏழு வயதில் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் அவன். "உனக்கு எந்த நிறமும் வடிவுதான் பிள்ளை" என்றான். அவள் போன பிறகு பேனாவை எடுத்தான்.

"ஒரு நிபந்தனை. அய்யாவுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேணும். அம்மாவின்ரை பேரிலை சொல்லுங்கோ."

"செய்யிறன்."

"அம்மாவின்ரை பேரிலை."

"அம்மாவின்ரை பேரிலை செய்யிறன்."

கையெழுத்துப் போட்டான். தேநீரைக் குடிக்காமல் போனான்.

மார்ச் மாதக் கூட்டத்தில் இரண்டாவது பதில் படிக்கப்பட்டது. டிரசருக்கு ஜனவரி மூன்றாம் தேதி மாநில அரசாங்கம் முறைப்படி லீவு அனுமதித்திருந்தது. இனி இப்படிக் குழப்பம் நேராமல் இருக்க, எல்லா டிரசர்களின் லீவு விண்ணப்பங்களும் தலைமைக் கிளார்க்கின் மேசை வழியாகவே போகும். சபாபதி தன் கையிலிருந்த தாளை மடித்தார். "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்த கேள்வி மீன் பாசாரின் சாக்கடையைப் பற்றியது. அன்று கன்னையாவும் அய்யாவும் வரவில்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு எத்தனை தடவை வர முடியும்?

வெளியே படிக்கட்டில் சபாபதி என்னைக் கடந்து போகும்போது நின்றார்.

"பதில் ரொம்ப நல்லா எழுதியிருக்கு, மிஸ்டர் வீரசிங்கம். ஊசி நுழைய இடமில்லை. என் கட்சிக்காரங்களுக்கு நீங்க எழுதிக் கொடுத்திருந்தா நான் ஒரு கேஸும் தோத்திருக்க மாட்டேன்."

"அரசாங்கத்தின் பதில் அது, ஐயா" என்றேன்.

"ஆமா. அரசாங்கத்துக்கும் அம்மா செத்திருப்பாங்க போல" என்றார். தொப்பியை வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கொடுத்த வாக்கை நான் மறக்கவில்லை. அதே வாரம் அய்யாவுக்காக ஒரு குறிப்பு எழுதினேன்: நீண்ட சேவை, நல்ல நடத்தை, அவசரத்தில் நல்லெண்ணத்தோடு செய்த காரியம், திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பைலில் வைத்துக் கட்டினேன். மேலே அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்தேன். நல்லெண்ணத்தோடு என்று நாங்களே எழுதினால், பிறகு நீக்கியது ஏன்? நீக்கியது தவறு என்றால், அந்த வெள்ளிக்கிழமை நடந்ததற்கு யார் பொறுப்பு? சபாபதி மூன்றாவது முறையும் எழுந்து நிற்பார். இந்த முறை முன்னறிவிப்பு வேண்டும் என்று சொல்லித் தப்ப முடியாது. கலியாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கட்டை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்தேன். கலியாணம் முடியட்டும், பிறகு வைக்கலாம் என்று நினைத்து என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. பந்தலில் தம்பி நிற்க வேண்டிய இடத்தில் நின்றான், செய்ய வேண்டியதைச் செய்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தபோது கனகேஸ்வரியின் தலையில் நெடுநேரம் கையை வைத்திருந்தான். புறப்படும்போது என்னிடம் ஒரே சொல் கேட்டான்.

"அய்யாவு?"

"பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றேன்.

மே மாதம் போனது. ஜூன் போனது. ஒரு காரியத்தைத் தள்ளிவைத்தால், பிறகு அதை எடுப்பதற்கு வேறொரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் எழுத வேண்டும். தாள் மேசை இழுப்பறைக்குள்ளேயே இருந்தது. செப்டம்பரில் தம்பியிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. எங்கள் குடும்பத்தில் கடிதத்தை நலம் விசாரித்துத்தான் தொடங்குவோம். அதில் அது இல்லை.

"அய்யாவுவைப் பத்துமலைப் பக்கம் கல் உடைக்கும் இடத்தில் கண்டேன். வலது கையில் இரண்டு விரல் இல்லை. புண் ஆறவில்லை. கட்டிவிட்டேன். டிரசரய்யா அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை."

அட்டையில் எழுதியதால் தபால்காரனும் படித்திருப்பான். அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பதில் எழுதவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தாளை வெளியே எடுத்துப் பார்த்தேன். தேதி பழையதாகியிருந்தது. மறுபடி உள்ளே வைத்தேன்.

திதிப்படி நவம்பர் கடைசியில் அம்மாவின் ஆட்டைத் திவசம் வந்தது. முதல் வருடத் திவசத்தையும் கடைசி மகன்தான் செய்ய வேண்டும். தம்பிக்கு ஒரு மாதம் முன்பே எழுதினேன். பதில் இல்லை. அவன் வருவான் என்றே எண்ணினேன். இது என் காரியம் அல்ல, அம்மாவின் காரியம். எழுபது பேருக்குச் சொன்னோம். கிள்ளானிலிருந்து சம்பந்தியாரும் மாப்பிள்ளையும் கனகேஸ்வரியும் முதல் நாளே வந்துவிட்டார்கள். காலையில் குருக்கள் வந்து தர்ப்பையைப் பிரித்தார். இலைகளில் அரிசியும் காய்கறியும் வைத்தாகிவிட்டது. மணையில் தம்பியின் இடம் காலியாக இருந்தது.

ஒன்பது மணிக்குத் தந்தி வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க உறையைக் கிழித்தேன்.

"லீவு கிடைக்கவில்லை. சிவகுருநாதன்."

சம்பந்தியார் கழுத்தை நீட்டினார். "உங்கடை தம்பி என்னவாம்?"

"லீவு குடுக்கேல்லையாம்" என்றேன்.

"தாயின்ரை திவசத்துக்கும் குடுக்காமல் விடுவினமோ? இப்ப ஆர் லீவு குடுக்கிறது, பெடரலோ ஸ்டேட்டோ?"

"ஸ்டேட்."

"ஓ, அப்ப உங்கடை கந்தோர்தானே. நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் ஆகாதோ?"

"சட்டம் எல்லோருக்கும் ஒண்டுதான்" என்றேன். அவர் மதிப்போடு தலையை அசைத்தார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, சொந்தத் தம்பிக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனுசன் என்று சொன்னது என் காதில் விழுந்தது. கனகேஸ்வரி மட்டும் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் முதல் எல்லா டிரசர்களின் லீவு விண்ணப்பமும் என் மேசை வழியாகத்தான் போயிற்று. டெங்கிலிலிருந்து வந்தது, காஜாங்கிலிருந்து வந்தது, எல்லாவற்றையும் என் கையால் பதிந்திருக்கிறேன். பதினோராம் கட்டையிலிருந்து அந்த வருடம் ஒரு விண்ணப்பமும் வரவில்லை.

"நேரம் போகுது ஐயா" என்றார் குருக்கள். "ஆர் செய்யிறது?"

சட்டையைக் கழற்றித் தோளில் சால்வையைப் போட்டேன். தம்பியின் மணையில் உட்கார்ந்தேன். குருக்கள் தர்ப்பை மோதிரத்தை எடுத்தார். தம்பியின் விரலளவுக்கு முடிந்திருந்தார், எனக்கு அது ஏறவில்லை. அவிழ்த்து வேறு முடிந்து போட்டார்.

"கர்த்தாவின் பேரைச் சொல்லுங்கோ."

என் பேரைச் சொன்னேன்.